கதவுக்கு அந்தப் பக்கம்

எல்லோருடைய கைபேசியும் ஒரே நேரத்தில் அலறியபோது, மார்லியின் தட்டில் சினமன் ரோல் மட்டும்தான் விழுந்திருந்தது.

சில்லி என்ற பீன்ஸ் குழம்பை ஊற்ற வந்த கரண்டி அந்தரத்தில் நின்றது.

கல்லூரி வளாகத்தில் துப்பாக்கியுடன் ஒருவன். ஓடுங்கள். முடியாவிட்டால் ஒளிந்துகொள்ளுங்கள். திரையில் அவ்வளவுதான் இருந்தது.

நூலகப் பக்கமிருந்து, பலகைகளை யாரோ ஒவ்வொன்றாகத் தரையில் போடுவதுபோல் சத்தம் வந்தது.

மார்லி பாலர் பள்ளியிலிருந்தே இதற்குப் பயிற்சி எடுத்தவள். விளக்கை அணைத்து, மேசைக்கடியில் எலிக்குட்டிபோல் மூச்சுக் காட்டாமல் இருக்கப் பழகியவள். போன ஆகஸ்டில்கூட ஒரு காவல் அதிகாரி வந்து படம் போட்டுக் காட்டினார். முடிந்ததும் பீட்சா கொடுத்தார்கள்.

ஆனால் இப்போது கால் நகரவில்லை.

நகர்ந்தது வெர்னாதான். சாப்பாட்டுக் கூடத்தில் தினமும் பரிமாறுகிறவர். யாருக்கு வெங்காயம் ஆகாது, யாருக்கு இன்று பரீட்சை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கரண்டியைப் போட்டுவிட்டு, பரிமாறும் மேடையின் தடுப்பைத் தூக்கினார். கையில் சிக்கியவர்களை உள்ளே இழுத்தார். சிக்கியது மூன்று பேர். மார்லி, பிரெண்ட் என்ற நெட்டையன், பெயர் தெரியாத கண்ணாடிக்காரப் பெண் ஒருத்தி.

சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குள் தள்ளிக் கதவைத் தாழிட்டார். விளக்கை அணைத்தார்.

இருட்டில் மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். கண்ணாடிக்காரப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது.

"மூக்கால இழு கண்ணு. மெதுவா வாயால விடு. அவ்ளோதான்" என்றார் வெர்னா. இன்னொரு கையால் மார்லியின் கையைப் பிடித்துக்கொண்டார். வெதுவெதுப்பான கை.

கைபேசிகள் சத்தமில்லாமல் ஒளிர்ந்தன. மார்லியின் அம்மா ஓமஹாவிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்: எங்கே இருக்கே, எங்கே இருக்கே. பிரெண்டின் அப்பா, தரையோடு தரையாகப் படுடா என்று அனுப்பியிருந்தார்.

சமையலறையின் இரட்டைக் கதவு ஆடியது.

காலடிச் சத்தம். அவசரமே இல்லாத நடை.

திறந்தபடி விட்டு வந்த குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அது நின்றது.

அடுப்பில் சில்லி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அதுவும் நின்றது.

யாரோ குழாயை மூடி, அடுப்பை அணைத்திருக்கிறார்கள்.

வெர்னாவின் பிடி இறுகியது.

காலடி சாமான் அறைக் கதவு வரைக்கும் வந்து நின்றது. கதவுக்கடியில் தெரிந்த வெளிச்சக் கோட்டை இரண்டு நிழல்கள் மறித்தன. கைப்பிடி அசையவில்லை. தட்டவும் இல்லை. வெறுமனே நின்றுகொண்டிருந்தான்.

அப்போது வெர்னாவின் கைபேசி அதிர்ந்தது.

திரையில் டெவின் என்ற பெயர் தெரிந்தது. மார்லி அவர் காதருகே குனிந்தாள்.

"உங்க பையனா? பதில் போடுங்க மிஸ் வெர்னா. பாவம், பதறிட்டிருப்பான்."

வெர்னா அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். நீல வெளிச்சத்தில் அவருடைய முகம் யாரோ வேறொருவருடையதைப்போல் இருந்தது. பிறகு கட்டைவிரலால் எழுத்தெழுத்தாகத் தட்டி, அனுப்பினார்.

கதவுக்கு அந்தப் பக்கம், 'டிங்' என்று ஒரு கைபேசி ஒலித்தது.

மார்லியின் கை வெர்னாவின் கையிலிருந்து விலகியிருந்தது. விலக்கியது தானா அவரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெர்னா எழுந்தார். கைபேசி மார்லியின் மடியில் விழுந்தது. பிரெண்ட் அவருடைய மேலங்கியைப் பிடித்து இழுத்தான். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, "நான் போனதும் தாழ்ப்பாளப் போட்டுக்கோ ராசா" என்றார் வெர்னா. "அப்புறம் நானே கூப்பிட்டாலும் திறக்காதீங்க."

கதவு திறந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கதவு மூடிக்கொண்டது.

பிரெண்ட் இரண்டு முறை முயன்றுதான் தாழ்ப்பாளைப் போட்டான்.

மடியில் திரை இன்னும் அணையாமல் இருந்தது. மார்லி குனிந்து படித்தாள்.

'அம்மா, உன் பச்சைக் கோட்டு ஏன் இங்க தொங்குது? இன்னிக்கு உனக்கு லீவுதானே?'

அதற்குக் கீழே வெர்னாவின் பதில்.

'ரோண்டாவுக்குப் பதிலா வந்தேன். உள்ளதான் இருக்கேன்.'

வெளியே வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. மார்லி காதைப் பொத்திக்கொள்ள நினைத்தாள், முடியவில்லை.

பிறகு வெர்னாவின் குரல் கேட்டது. பரிமாறும் மேடைக்குப் பின்னாலிருந்து தினமும் கேட்கிற அதே குரல்.

"காலையில ஏதாவது சாப்பிட்டியா, இல்லையாடா?"



எஃகு மேசையின் மேல் கனமான எதையோ மெல்ல வைக்கும் சத்தம் கேட்டது.

அதற்கப்புறம்தான் அவன் அழ ஆரம்பித்தான்.