ருசி பார்க்கும் மேசை

அலுவலக வேலை என்று மாமியாரிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் அந்தச் சாக்லேட் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கப் போனேன். என் மனைவி இறந்ததிலிருந்து என்னோடு இருக்கும் அவர், இனிப்பைத் தொடுவதில்லை. அவர் முன்னால் நான் எப்படித் தின்பேன்?

வாசலில் எல்லோருக்கும் வெள்ளை அங்கி, தொப்பி, முகக்கவசம் மாட்டினார்கள். கண் மட்டும்தான் மிச்சம்.

அரைவை இயந்திரத்தின் இரைச்சலில் பக்கத்துப் பெண்மணி கத்தினார்.

"வாசனையே ஆளைத் தூக்குது தம்பி! எப்பத்தான் தருவாங்க?"

"வீட்ல சொல்லாம வந்துட்டேங்க. தொண்டையில இறங்குமோ என்னவோ."

"நானும் திருட்டுத்தனமாத்தான் வந்தேன். இறங்கும், இறங்கும்!"

கடைசி அறையில் மேசை நிறையச் சாக்லேட். "மாஸ்க்கைக் கழட்டிட்டு ருசி பாருங்க" என்றார் சுற்றிக் காட்டியவர்.

பெரிய துண்டாக வாயில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

பக்கத்தில் என் மாமியார், கன்னம் உப்ப.

மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றோம்.

"நீங்க தொடுறதில்லையேன்னுதான் மாப்பிள்ளை நானும் வீட்ல..."

"ஐயோ, நான் உங்களுக்காகத்தான் அத்தை..."

"இன்னொண்ணு எடுத்துக்கறீங்களா?" என்று தட்டு வந்தது.

ஒருவரையொருவர் பார்க்காமல் இருவரும் கையை நீட்டினோம்.