எம்மா ராணிக்கு ரெண்டு புருஷன்

ராசிபுரத்தில் அன்று அமாவாசை. செத்துப்போன கணவரின் படத்துக்கு முன்னால் வழக்கம்போல இரண்டு இலை போட்டுப் படைத்துக்கொண்டிருந்தாள் முத்தாயம்மாள். அன்றைக்குப் பார்த்தா மகன் குமரன் நர்மதாவைக் கூட்டிவருவான்?

நர்மதா கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறவள். கணவனை விபத்தில் இழந்தவள். கட்டினால் அவளைத்தான் என்று ஒற்றைக்காலில் நின்றான் குமரன்.

"என்னத்தப் படிச்சு டாக்டர் பட்டம் வாங்குனே?" முத்தாயம்மாள் நிமிரவே இல்லை.

"எம்மான்னு ஒரு ராணியப் பத்திங்க. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி இங்கிலாந்துல இருந்தவங்க. புருஷன் செத்ததும், நாட்டைப் புடிச்ச அடுத்த ராஜாவையே கட்டிக்கிட்டாங்க."

"உனக்கேத்த ராணிதான். ரெண்டு தாலி கட்டிக்கிட்டவளை ஊரு என்ன பேசும்னு தெரியுமா?"

"தெரியுமுங்க. அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். தன்னைப் பத்தி ஒரு புத்தகம் எழுத வெச்சாங்க. அதுல முதல் புருஷன் பேரே இல்லீங்க."

கரண்டி பாதியில் நின்றது.

"ஒரு எடத்துல கூடவா?"

"இல்லீங்க."

"பாவி! பேரை மறைச்சா மறைச்சுட்டுப் போறா. ஒரு வாய் சோறாச்சும் வெச்சாளா?"

"என்னம்மா சொல்றே?" என்றான் குமரன்.

"இத்தனை வருஷத்துல இந்த ரெண்டாவது இலை யாருக்குன்னு ஒரு நாளாச்சும் கேட்டயாடா?"

"தாத்தாவுக்குன்னு..."

"உங்கப்பனுக்கு முந்தி என்னைக் கட்டுனவருக்கு."

முத்தாயம்மாள் மூன்றாவதாக ஓர் இலையைக் கழுவி நர்மதாவிடம் நீட்டினாள்.

"உன்ற ஊட்டுக்காரருக்கு என்ன புடிக்கும், சாமி? நீயே போடு."