பன்னிரண்டு பாகம்

உப்புத்தண்ணீர்த் தொட்டிக்கு விளக்கு கேட்டு வந்த ஜெசிந்தா, என் கடையிலிருந்த ஒரு மீனைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. புதிதாகத் தொட்டி வைக்கிற எல்லாரிடமும் கேட்பதைத்தான் அவளிடமும் கேட்டேன். "மீன் மட்டுமா, பவளமும் வளப்பீங்களா? பவளத்துக்குத்தான் நீல லைட்டு நெறைய வேணும்."

"ரெண்டும் இல்லண்ணே. தண்ணி மட்டுந்தான்."

வெறும் தண்ணீருக்கு எதற்கு விளக்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அதற்குள் அவள் சிவப்புக் கண்ணாடி வளையல் போட்ட கையை மாதிரித் தொட்டிக்குள் முழங்கை வரை விட்டிருந்தாள். ஒவ்வொரு விளக்காகப் போட்டுக் காட்டினேன். எதில் பார்த்தாலும் வளையல் சிவப்பாகவே இருந்தது. அவள் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு சங்கு குளிக்கப் போவாரு. பன்னெண்டு பாகம் ஆழத்துல ஒன் வளையல் கறுப்பாத்தான் தெரியும்ட்டின்னு சொல்லுவாரு," என்றாள். "மாசியில எறங்குனவரு இன்னும் ஏறல."

கடைசி விளக்கில் வெள்ளை வெளிச்சத்தைக் குறைக்கிற குமிழைத் திருப்பினேன். வளையல் மங்கியது. பிறகு கறுத்தது. தொட்டியில் நீலம் மட்டும் மிஞ்சியது.

"இதாம்மா?"

கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தாள். தண்ணீருக்குள் அவள் விரல்கள் மெல்ல விரிந்தன.

"இன்னும் கொஞ்சம் கீழ எறக்குங்கண்ணே."

அதற்குக் கீழே திருப்ப எதுவும் இல்லை. ஆனாலும் குமிழிலிருந்து விரலை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.