ஈரச் சாக்கு

“இந்தக் கட்டை காஞ்சா ஒடைஞ்சு போயிரும்ல?” என்று கேட்டார் பக்கீர் முகமது.

தேவிப்ரியாவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை.

கட்டுமாவடியில் பக்கீர் தன் இரண்டாவது இறால் குட்டையை வெட்டியபோது, எட்டடி ஆழத்துச் சேற்றில் கிடைத்தது அந்த மரப்படகு. ஆணியே கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்திருந்தார்கள். எத்தனை நூறு வருஷத்துப் படகு என்று இன்னும் தெரியவில்லை. அதிகாரிகள் வந்தார்கள், குழியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள், குட்டை வேலை நின்றது. மரம் கெடாமல் ஊறவைக்கும் மருந்துத் தொட்டி வரும்வரை படகைக் காக்கும் பொறுப்பு, தொல்லியல் வேலைக்குச் சேர்ந்து நாலே மாதமான தேவிப்ரியாவின் தலையில் விழுந்தது.

“காயவே கூடாது பாய். இத்தனை காலம் சேத்துக்குள்ள ஊறின மரம். வெயில்ல காஞ்சா வெடிச்சுத் தூளாயிரும். அதான் மேல ஈரச் சாக்கு போட்டு, மோட்டர்ல தண்ணி விட்டுக்கிட்டே இருக்கோம்.”

“எம்புட்டு நேரம் தாங்கும்?”

“இந்த வெயிலுக்கு ஒரு நாள்கூடத் தாங்காது.”

“ஒடைஞ்சு போனா நீங்கள்லாம் எடத்தை விட்டுக் கெளம்பிருவீங்க?”

அவர் ஒரு சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த முதல் குட்டைக்குப் போனார். அங்கே இறாலுக்குக் காற்று கொடுக்கும் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. இன்னும் இருபது நாளில் பிடிக்க வேண்டிய இறால்.

அன்றிலிருந்து அவளுக்குப் பயம். இந்த ஆள் எப்போது மோட்டரை நிறுத்துவாரோ என்று சோறு இறங்கவில்லை. மேலதிகாரிக்கு போன் செய்தாள்.

“தொட்டி நாளைக்கு வந்துரும்மா. படகுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீதான் விளக்கம் எழுதிக் குடுக்கணும், பாத்துக்க.”

அவருடைய நாளை பன்னிரண்டு நாளாக வந்துகொண்டே இருந்தது.

பதிமூன்றாம் நாள் தேவிப்ரியாவே விழுந்தாள். கடும் காய்ச்சல். அறந்தாங்கியில் ஒரு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதும் பலகை வெடிக்கிற சத்தம் அவள் காதில் கேட்டது. பக்கீர் போனை எடுக்கவே இல்லை. சாக்கு நனைக்கும் மூக்காயிதான் மூன்றாம் நாள் போனில் கிடைத்தாள்.

“ட்ரான்ஸ்ஃபார்மர் வெடிச்சு ரெண்டு நாளாச்சுங்க. தண்ணி வரல. நான் வீட்டுக்கு வந்துட்டேன்.”

“ரெண்டு நாளா? பாய்கிட்ட ஜெனரேட்டர் இருக்குமே மூக்காயி!”

“அதுவா? விடாம ஓடுது. எங்க வீடு வரைக்கும் கேக்குது. எறாலுக்குக் காத்து வேணும்லங்க?”

தேவிப்ரியா மருந்துச் சீட்டின் பின்பக்கத்திலேயே புகார் எழுதினாள். ‘தன் இறாலைக் காப்பாற்றிக்கொண்டு, படகை வேண்டுமென்றே காயவிட்டார்.’ நர்ஸ் திட்டத் திட்ட பஸ் ஏறினாள். வழியில் ஸ்டேஷனில் இறங்கி, ஏட்டு சார்லஸையும் கூட்டிக்கொண்டாள்.

பண்ணையை நெருங்கும்போதே நாற்றம் வீசியது. மேலே காக்கையும் பருந்தும் வட்டம் போட்டன. ஜெனரேட்டர் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது.

“என்னங்க மேடம், யாரும் செத்துக்கித்துக் கெடக்காங்களா?” சார்லஸ் மூக்கைப் பொத்தினார்.

ஒரு மனுஷன் இப்படியும் செய்வானா? தூளாகிப்போன பலகையைப் பார்க்கும் தைரியம் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டுதான் குழியின் ஓரத்தில் போய் நின்றாள்.

மெல்லத் திறந்தாள்.

சாக்குகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

விழுந்தடித்து இறங்கி, ஒவ்வொரு சாக்காகத் தூக்கிப் பார்த்தாள். பலகை கறுப்பாக, ஈரமாக, முழுசாக இருந்தது. தைத்த கயிறுகூட விடவில்லை. மோட்டரிலிருந்து கிளம்பிய ஒயர் கரையேறி, ஜெனரேட்டரில் போய் முடிந்தது.

படகின் மறுபுறம் பக்கீர் முகமது, கையில் குழாயுடன் நின்றார். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள்.

“அப்ப... இந்த நாத்தம்?” என்றாள்.

அவர் முதல் குட்டையைக் காட்டினார். சக்கரங்கள் நின்றிருந்தன. கரையோரமெல்லாம் இறால் செத்துச் செத்து ஒதுங்கியிருந்தது.

“சின்ன ஜெனரேட்டரும்மா. ரெண்டையும் இழுக்காது. மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். அதுக்குள்ள கட்டை ஓரத்துல வெளுக்க ஆரம்பிச்சிருச்சு. பொறவு இங்கிட்டே போட்டுட்டேன்.”

“ஒடைஞ்சா கெளம்பிருவீங்களான்னு நீங்கதானே பாய் கேட்டீங்க?”

“வயித்தெரிச்சல்ல கேட்டேன். அதுக்காக? கடல்ல ஒரு படகு தவிச்சா, நம்ம வலை நெறைய மீன் கெடந்தாலும் அறுத்து விட்டுட்டுப் போவணும். எங்க அத்தா காலத்துலேர்ந்து அதான் வழக்கம். இது கரையில தவிச்சுச்சு. அம்புட்டுதான்.”

“மேடம், அந்தப் புகாரு...” என்று சார்லஸ் மெதுவாகக் கையை நீட்டினார்.

தேவிப்ரியா சீட்டைக் கைக்குள் கசக்கிக்கொண்டாள்.

அப்போதுதான் பக்கீர் ஏட்டைக் கவனித்தார். அவர் முகத்தில் பயம் வந்தது.

“ஏம்மா, போலீஸைக் கூட்டியாந்திருக்க? நம்ம படகுக்கு யாராலயாச்சும் ஆபத்தா?”