இடம் மாறிய கையெழுத்து

காலை பத்து நாற்பதுக்கு கோர்ட் டவாலி கட்சிக்காரரின் பெயரைக் கூப்பிட்டதும் வக்கீல் அமலோற்பவம் எழுந்து நின்றாள். இறந்தவர்களின் ஆவிகளுக்காக வாதாடுவது அவள் தொழில். இன்றைய கட்சிக்காரர் மயில்வாகனம், போன மாதம் இறந்த பஸ் கண்டக்டர், பக்கத்தில் கைகட்டி நின்றார். அந்தக் கோர்ட்டில் வழக்கு முடிந்ததும் வக்கீல் வந்த வாசல் வழியாக வீட்டுக்குப் போகலாம். கட்சிக்காரர் நீதிபதிக்குப் பின்னாலிருக்கும் கதவு வழியாகப் போக வேண்டும். அதில் போன யாரும் திரும்பியதில்லை.

கிளார்க் வக்காலத்துத் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேடம், நீங்க கூண்டுல ஏறுங்க."

"என்ன சார், காலையிலேயே கிண்டலா?"

அவர் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பிக் காட்டினார். கட்சிக்காரர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவள் பெயர் இருந்தது. வக்கீல் போட வேண்டிய இடத்தில் மயில்வாகனம் அழகாகப் போட்டிருந்தார். நேற்றைய அவசரத்தில் அவள் அதைச் சரிபார்க்கவில்லை.

"கை தவறிடுச்சு சார். வேற எழுதித் தர்றேன்."

"சீல் வெச்சாச்சு மேடம்."

தோள் லேசானது. அவளுடைய கறுப்பு அங்கி மயில்வாகனத்தின் மேல் இருந்தது. அவர் பொத்தான்களை நிதானமாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு மணிக்கு நான் பொண்ணை ஸ்கூல்லேருந்து கூட்டிட்டு வரணும்," என்றாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

மயில்வாகனம் அவள் பக்கம் குனிந்தார்.

"பயப்படாதீங்க மேடம், இப்ப வாசல் வழியா வெளியே போறது நான்தானே. எந்த ஸ்கூலு?"