நடுவில் ஒரு சுவர்

"கர்ப்பப்பைக்குள்ள ஒரு குறை இருக்கு" என்று டாக்டர் சொன்னதும், நாத்தனார் பட்டென்று கைதட்டினாள்.

நர்ஸ் முறைத்தாள். அடுத்தடுத்து மூன்று கருவைப் பறிகொடுத்தவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். இவளுக்கு என்ன கொண்டாட்டம்?

"அக்கா, கொஞ்சம் சும்மா இரேன்!" தம்பி பல்லைக் கடித்தான்.

"நீ சும்மா இருடா. டாக்டர், நீங்க சொல்லுங்க!" அவள் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டாள்.

டாக்டர் ஸ்கேன் படத்தில் விரல் வைத்தார். "நடுவுல சுவர் மாதிரி தெரியுதா? பிறவியிலேயே இருக்கறது. கரு தங்காததுக்கு இதுதான் காரணமா இருக்கணும். மத்த டெஸ்ட் எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"அப்போ, இவ பஸ் ஓட்டறதால இல்லையே?"

தம்பி மனைவி முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள்.

"இல்லவே இல்லை" என்றார் டாக்டர்.

"இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க. இவன் காதுல விழணும்."

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "பஸ் ஓட்டினதால கலையலை. போதுமா?"

"குலுக்கல்லதான்னு எல்லாரும் சொன்னாங்க டாக்டர்..." தம்பி இழுத்தான். "அதான் இந்த மாசத்தோட வேலையை விடச் சொன்னேன்."

"குலுக்கலாம் குலுக்கல்! அவ ஓட்டற பஸ்ஸுல டீ கூடச் சிந்தாது. உன் ஸ்கூட்டர்ல ஏறினாத்தான் எனக்குக் குடலே இடம் மாறுது!"

தம்பி மனைவி மெல்லக் கேட்டாள். "இதைச் சரி பண்ண முடியுமா டாக்டர்?"

"முடியும். கேமராக் குழாய் விட்டு உள்ளேயே வெட்டி எடுத்துடலாம். வயித்துல கத்தி படாது. சத்தியம் பண்ணிக் கொடுக்க முடியாதும்மா. ஆனா அடுத்தது தங்கும்னு தாராளமா நம்பலாம்."

மறுபடி கைதட்டல்!

நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. "இப்போ தட்டறது சரி. குறை இருக்குன்னு சொன்னப்பவே தட்டினீங்களே, அது எதுக்கு?"

நாத்தனாரின் சிரிப்பு நின்றது.

"நான் நீச்சல் சொல்லிக் கொடுத்திட்டிருந்தேன். என் முதல் கரு கலைஞ்சப்போ, தண்ணியில குதிச்சதாலதான்னு வீட்டுல சொன்னாங்க. நீச்சலையே விட்டுட்டேன்."

"போரடிச்சு விட்டேன்னுதானே சொன்னே?" தம்பி திகைத்தான்.

"அதுக்கப்புறமும் ரெண்டு போச்சுடா. எனக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும்னு யாருக்குமே தோணலை."