கை வைத்தவர்

"உங்க வீட்டுக்காரர் மிஷின்ல கை வச்சுட்டாரும்மா. முதலாளி உங்களைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு."

வாசலில் நின்ற சூப்பர்வைசர் சொன்னதும் அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டை மாட்டப் பார்த்தாள். நழுவி விழுந்தது. மறுபடியும் விழுந்தது.

"அக்கா, இதைக் கொஞ்சம் பூட்டிடுங்க. என்னால முடியல" என்று எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு, அவர் பைக்கில் ஏறிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவள் கணவன் பிளாஸ்டிக் அரவை ஆலையில் ஃபிட்டர். அந்த மிஷினைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நான்கு வருடம் அதற்குப் பழைய குழாயும் டிரம்முமாகத் தீனி போட்டவள். இடுப்பு உயரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஏதாவது சிக்கினால் கையை விட்டுத்தான் இழுக்க வேண்டும். மோட்டாரை நிறுத்தினாலும் உள்ளே பற்கள் தன் பாட்டுக்குப் பத்துச் சுற்று சுற்றும்.

"ரொம்ப உள்ள போயிடுச்சா, அண்ணா?"

"அடி வரைக்கும் போயிட்டாரும்மா. காலையிலேர்ந்து எல்லாருமா சேர்ந்து பிரிச்சுக்கிட்டு இருந்தோம்."

"அவர் என்ன சொல்றாரு?"

"உங்களைத்தான் கேக்குறாரு. நீங்க வந்தே ஆகணும்னு ஒரே பிடிவாதம்."

கடவுளே, வலது கையாக இருக்கக் கூடாது. இடது கையாகவும் இருக்கக் கூடாது. வழி முழுக்க இதையே முணுமுணுத்தாள்.

ஆலையில் அரவைச் சத்தமே இல்லை. மிஷினைச் சுற்றிக் கூட்டம். முதலாளி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தரையில் சிவப்பாகத் தெறித்திருந்தது.

"வந்துட்டியா?"

மிஷினுக்குப் பின்னாலிருந்து அவன் எழுந்தான். மணிக்கட்டு வரை சிவப்புப் பெயின்ட். அவள் எண்ணிப் பார்த்தாள். பத்து விரலும் இருந்தன.

"கை வச்சுட்டாருன்னு சொன்னீங்களே, அண்ணா..."

"ஆமாம்மா. மிஷினைப் பிரிச்சு மேய்ஞ்சுட்டாரே, அதைத்தான் சொன்னேன்" என்று விழித்தார் சூப்பர்வைசர்.

"மிஷினை மாத்தணும்னு மாசக் கணக்கா கேட்டு என் உயிரை வாங்கினாரு. இன்னிக்கு என்னைக் கேக்காமலே ஆரம்பிச்சுட்டாரு. நீங்க சுவிட்ச் போட்டாத்தான் ஓட்டுவாராம்" என்றார் முதலாளி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவன் சிவப்பு மூடியைத் தட்டிக் காட்டினான். மிஷினின் வாய் இப்போது நீண்ட கழுத்தோடு தலைக்கு மேலே போயிருந்தது.

"எவ்ளோ நீளமான கையை விட்டாலும் பல்லுக்கு எட்டாது. சிக்கினா அதுவே பின்பக்கமா சுத்தித் துப்பிடும். மூடியை லேசா தூக்கினாலே பல்லைப் பிரேக் பிடிச்சு நிறுத்திடும். நீயே போடு."

அவளுக்குப் பயம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. ஆனாலும் இடது கையை நீட்டிப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

போன வருடம் இதே மிஷின் தின்ற வலது கை இருந்த இடத்தில், அவள் சட்டையின் வெறும் கை மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.